கம்மாபுரத்தில் அறுபத்தொன்று

1983 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்குக் கம்மாபுரம் மழைமானியில் 61 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் வட்டாரத்திலிருந்த மற்றப் பதினொரு மழைமானிகளிலும் ஒரு சொட்டு இல்லை.

எண்ணைத் தொலைபேசியில் சொன்னவர் கொளஞ்சியப்பன். கம்மாபுரம் மழைமானியைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட உள்ளூர்க்காரர். தபால் நிலையத்திலிருந்து பேசினார். நெய்வேலி டவுன்ஷிப்பில், பன்னிரண்டாவது பிளாக்கின் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் இயங்கிவந்த செயற்கை மழை ஆய்வுத் திட்டத்தின் அலுவலகத்தில், ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள் தமயந்தி. கணக்கீட்டு உதவியாளர்.

"ஆறா, அறுபத்தொண்ணா? சரியாச் சொல்லுங்க."

"அறுவத்தொண்ணுங்கம்மா. இருவது வரைக்கும் அளக்கற கிளாஸ் மூணு தடவ முழுசா ரொம்பிச்சி. நாலாந்தடவ அடியில ஒண்ணு."

"ராத்திரி அவ்வளவு மழையா அங்க?"



"குப்பியில இருந்தத சொன்னேங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

அதற்குள் டாக்டர் ராமசாமி உள் அறையிலிருந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். திட்டத்தின் தலைவர் அவர்தான். அவள் எழுதிய எண்ணை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நேத்து எந்தப் பக்கம்?"

அவருக்குத் தெரியாததல்ல. அவள் வாயால் கேட்க ஆசை.

"கம்மாபுரம் பக்கம்தான் சார்."

"பாத்தியா!" என்றார். மேஜையில் ஒரு தட்டு தட்டினார். "பாத்தியா!"

திட்டம் எளிமையானது. நெய்வேலிக்கு மேற்கே கம்மாபுரத்தைச் சுற்றி ஆறு மழைமானிகள். வடகிழக்கே காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளுக்குள் ஆறு. மத்தியானத்தில் மேகம் திரளும் நாட்களில், இங்கிருந்து தகவல் போனதும் மதராஸ் அலுவலகத்தில் ஒருவர் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் விமானம் கம்மாபுரம் பக்கத்து மேகங்களில் உப்பும் மாக்கல் தூளும் கலந்த பொடியைத் தூவும். பூ விழுந்தால் காடாம்புலியூர் பக்கம். மறுநாள் காலை இரு பக்கத்து மழையையும் ஒப்பிடுவது தமயந்தியின் வேலை. மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் எங்கே மேகம் கனத்திருக்கிறதோ அங்கேதான் விமானத்தை அனுப்புவார்கள். தானாகப் பெய்யவிருந்த மழைக்கும் பேர் வாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் காசு.

இதை விளக்கிச் சொன்னபோது சிரித்தவர்கள் அதிகம். முதலில் சிரித்தவர் அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன் போர்மேனாக இருப்பவர். "நாங்க மூணு ஷிப்ட்டா கீழே இருந்து தண்ணிய இறைச்சு வெளிய தள்ளுதோம். நீங்க காசு சுண்டி மேல இருந்து ஊத்துதீக. நல்லா வெளங்கும்" என்றார்.

ஊற்றவில்லை என்பதுதான் சிக்கல். ஜூன் மாதத்திலிருந்து ஒன்பது முறை விமானம் வந்துவிட்டுப் போயிருந்தது. தூவிய பக்கம் சில நாள் தூறியது. தூவாத பக்கமும் சில நாள் தூறியது. கூட்டிக் கழித்தால் தராசின் முள் நடுவிலேயே நின்றது. இன்று பதினோரு மணிக்கு மதராஸிலிருந்து ராஜாங்கம் வருகிறார். திட்டத்துக்கு இரண்டாம் ஆண்டு உண்டா இல்லையா என்று முடிவு சொல்லப்போகும் குழுவின் உறுப்பினர். அவர் கையில் கொடுக்கத் தமயந்தி தட்டச்சு செய்து வைத்திருந்த பக்கத்தில், பெருமைப்பட ஒன்றுமில்லை. திட்டம் போனால் அவளுடைய தற்காலிக வேலையும் போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அறுபத்தொன்று பக்கத்தில் ஏறினால் முள் சாய்ந்துவிடும். ஒரே நாளில்.

அவள் சந்தோஷப்பட முயன்றாள். முடியவில்லை. நேற்று மாலை மொட்டை மாடியில் கேமராவோடு நின்று அந்த மேகத்தைக் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். விமானம் சுற்றிவிட்டுப் போன பிறகு மேகத்தின் அடிவயிறு கறுத்தது உண்மை. ஆனால் அரைமணி நேரத்தில் ஓரங்கள் பிய்ந்து, பஞ்சு பஞ்சாகி, அனல்மின் நிலையத்துப் புகையோடு புகையாகக் கலைந்துபோயிற்று. அந்த மேகத்தைப் பிழிந்தாலும் அறுபது மில்லிமீட்டர் வராது.

"நான் ஒருதடவை நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்."

"எதுக்கு?"

"பக்கத்து மழைமானி நாலு கிலோமீட்டர்தான் சார். அங்க சைபர்."

"சாயங்கால மேகம் அப்படித்தான் பெய்யும். மாட்டோட ஒரு கொம்பு நனையும், ஒரு கொம்பு நனையாது."

"அது சரி சார். ராஜாங்கம் சாரும் இதைத்தானே கேப்பார்? நான் பாத்துட்டேன்னு சொல்லலாமில்ல?"

அது அவருக்குப் பட்டது. "ஜீப்பை எடுத்துக்கோ. பதினோரு மணிக்கு நீ இங்க இருக்கணும்."

"அதுவரைக்கும் மதராஸுக்குச் சொல்ல வேணாம் சார்."

டாக்டர் ராமசாமி தொலைபேசியை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஜீப் ஓட்டிய சின்னதுரை மந்தாரக்குப்பம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான். அதற்கப்புறம் சாலையின் இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தான். வெடித்த வயல்கள். நாற்றங்காலிலேயே கருகிப்போன நாற்று. டயருக்குப் பின்னால் எழும்பிய புழுதி அடங்குவதாக இல்லை.

"எவ்ளோ பேஞ்சுதுன்னு சொன்னாங்க, மேடம்?"

"அறுபத்தொண்ணு."

"இந்த ஊர்லயா?" என்றான். "மாடு மூத்திரம் பேஞ்ச ஈரம்கூட இல்லியே."

மழைமானி ஏரிக்கரைக்குக் கீழே, புறம்போக்கில் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரு சின்னக் கதவு, கதவில் கயிறு. பூட்டுப் போட வளையம் இருந்தது, பூட்டு இல்லை. கொளஞ்சியப்பன் முன்னாலேயே வந்து வேலியருகே நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தண்ணியைக் கொட்டிட்டீங்களா?"

"இல்லீங்க. நெறைய வந்தா வச்சிருன்னு நீங்கதான் சொன்னீங்க. எடுத்து மூடி வச்சிருக்கேன்."

முதலில் அவள் மழைமானியின் வாயைப் பார்த்தாள். மழைமானி என்பது வேறொன்றுமில்லை, மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குப்பி. புனலின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வேப்பிலை. ஒற்றை இலைதான். சுற்றுவட்டத்தில் வேப்பமரம் இல்லை. மரநிழல் விழக் கூடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. பிறகு கொளஞ்சியப்பன் எடுத்து வைத்திருந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள். இளம் மஞ்சள்.

"அண்ணே" என்றாள். "இது மழைத்தண்ணியா?"

அவர் தரையைப் பார்த்தார். "என்ன பாக்கச் சொன்னீங்க, குப்பியில இருக்கறதப் பாரு, கூட்டாத கொறைக்காத சொல்லுன்னீங்க. நான் கூட்டல. கொறைக்கல."

"யாரு ஊத்தினது?"

பதில் ஏரிக்கரை மேலிருந்து வந்தது.

"நான்தான் ஊத்தினேன். அந்த மனுசன இன்னாத்துக்கு மிரட்டிக்கினு இருக்க?"

கரைச்சரிவில் ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் கரையிலேயே நின்றார்கள்.

"எம் பொஞ்சாதிங்க. மாணிக்கம்மாள்" என்றார் கொளஞ்சியப்பன், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல்.

"பேரையும் சொல்லிட்டியா? நல்லதாப் போச்சி" என்றாள் மாணிக்கம்மாள். "எழுதிக்கம்மா. மாணிக்கம்மாள்னு எழுதிக்க. எங்களாலதான் மழ வந்துச்சின்னு எழுதிக்க."

தமயந்தி எழுதவில்லை. "எதுக்கும்மா ஊத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏரோப்ளேன்ல இன்னா கொட்றீங்க?"

"உப்பு."

"ஆங்! உப்பு." மாணிக்கம்மாள் கரையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள், சாட்சி கூப்பிடுவதுபோல். "இத இந்த மனுசன்தான் நேத்து வூட்ல வந்து சொல்லிச்சி. எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டுச்சி. ஏம்மா, நேத்து எங்க தெருவுல மழக்கஞ்சி எடுத்தோம். வூடு வூடாப் போயி, உப்பில்லாத கஞ்சி வாங்கி, ஒண்ணாக் கலக்கி, ஏரிக்குள்ள குந்திக் குடிச்சோம். ஒரு கல்லு உப்பு நாக்குல பட்டாலும் மழ போயிடும்னு புள்ளத்தாச்சிகூட உப்பத் தொடல. நாங்க இங்க நாக்குச் செத்துக் கெடக்கிறோம், நீங்க எங்க தலைக்கு மேலயே மூட்ட மூட்டயா உப்பக் கொட்டிட்டுப் போறீங்க. மேல இருக்கற மானத்துக்கு எரியுமா எரியாதா?"

கரையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "புண்ணுல உப்ப வச்சாப்புல."

"அதான்! அந்தப் பாவத்தக் கழுவணுமா இல்லியா? மேல ஏறிக் கழுவ முடியுமா? அந்த ப்ளேனு இந்த மழ அளக்கற கொழாயப் பாத்துத்தான் வருதுன்னு இந்த மனுசன் சொல்லிச்சி. அதான் இதுக்கு மஞ்சத்தண்ணிய ஊத்திக் குளிர வச்சோம்."

"நான் அப்படிச் சொல்லலடி" என்றார் கொளஞ்சியப்பன். "கொழா இருக்கற பக்கம் வருதுன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான, போ."

சின்னதுரை ஜீப்பில் சாய்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டான். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தாகப் போகிறது.

"அம்மா, நீங்க சொன்னீங்களே, மழை வந்துச்சுன்னு. நெஜமாவே வந்துச்சா?"

"வராம? ஊத்தின கை காயறதுக்குள்ள வந்துச்சி. சடசடன்னு. மொத நாளே முழுசாக் குடுக்குமா? கொஞ்சமாத்தான் குடுத்துச்சி. இப்ப உன் உப்பு இல்லன்னா ஏரி ரொம்பியிருக்கும்."

"ஊத்தறதுக்கு முன்னாடி தூறல் இருந்துச்சா?"

"இல்ல."

"இருந்துச்சி" என்றாள் கரையில் நின்ற ஒருத்தி. "நான் கஞ்சி குடிக்கசொல்லவே ரெண்டு சொட்டு மூக்குல வுழுந்துச்சி."

"அது உன் கண்ணீருடி. ஒப்பாரி வச்சில்ல அழுதுக்கினு இருந்த!"

பெண்கள் சிரித்தார்கள். தமயந்தி வேலியை விட்டு விலகி, கரையோரம் யாரும் நடக்காத இடமாகப் பார்த்துக் குனிந்தாள். புழுதியில் அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள். நெருக்கமாகவே இருந்தன. காலடி படாத இடமெல்லாம் இருந்தன. ஒரு குழியின் ஓரத்தை விரலால் தொட்டாள். ஓடுபோல் உடைந்தது. அடியில் இன்னும் லேசான ஈரம்.

பெய்திருக்கிறது. இந்த ஒரு ஊரில், ஏரியைச் சுற்றி, நேற்று மாலை மழை பெய்திருக்கிறது. அவள் பார்த்த அதே மேகத்திலிருந்து. விமானம் உப்புத் தூவிய அதே மேகத்திலிருந்து. இரண்டு மாதமாக அவர்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அதன்மேல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்துவிட்டது.

"எந்தச் சொம்பு?" என்றாள் சட்டென்று நிமிர்ந்து. "அந்தச் சொம்பைக் கொண்டாங்க."

பித்தளைச் சொம்பு வந்தது. கழுத்துவரை தண்ணீர் நிரப்பச் சொல்லி, அளவு கிளாஸில் ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். நிச்சயப்படுத்திக்கொள்ள இரண்டாம் முறையும் அளந்தாள். ஐம்பத்தேழு. அறுபத்தொன்றில் ஐம்பத்தேழு போனால் நாலு. நாலு மில்லிமீட்டர் மழை! புழுதியில் இருந்த குழிகளுக்குப் பொருத்தமான அளவு.

"முழுச்சொம்பும் உள்ளதான் ஊத்தினீங்களா? கீழ சிந்தலையா?"

"சிந்தாம? கரையில எறங்கறப்பவே கொஞ்சம் சிந்துச்சி. ஊத்தறப்ப ரெண்டு பக்கமும் வழிஞ்சிச்சி."

"அப்ப உள்ள போனது எவ்வளவு?"

"நான் இன்னா அளந்தா ஊத்தினேன்? சாமிக்கு ஊத்தறாப்புல ஊத்தினேன்."

சிந்தியிருந்தால் மழை இன்னும் அதிகம் என்றாகிறது. நாலுக்குக் குறையாது. அவள் மனசுக்குள் அந்த நாலைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும்தானே ஊத்தினீங்க? வேற யாரும் ஊத்தலயே?"

மாணிக்கம்மாள் யோசித்தாள். "ஊத்தினது நான் ஒருத்திதான். அப்புறம் இவங்க எல்லாம் வேப்பலயத் தோச்சித் தோச்சித் தெளிச்சாங்க. புள்ளைங்க கையில அள்ளித் தெளிச்சிதுங்க. யாரு கணக்குப் பாத்தா?"

நாலு கையை விட்டு நழுவிற்று.

கிளம்பும்போது கொளஞ்சியப்பன் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றார். "கேஸு கீஸுன்னு வருமாங்கம்மா? இந்தத் திட்டம் முடிஞ்சா சுரங்கத்துல கான்ட்ராக்டுல சேத்துவுடறேன்னு ஒருத்தர் சொல்லிக்கினு இருக்கார். போலீசு வூட்டுக்கு வந்துட்டா அதுவும் போயிடும்."

"கதவுக்குப் பூட்டு வேணும்னு நீங்க கேட்டீங்கதானே?"

"மூணு தடவ கேட்டேன். சாங்ஷன் ஆவல, ஆவலன்னாங்க."

"அதை ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள்.

அலுவலகத்து வாசலில் வெள்ளை அம்பாசடர் நின்றது. ராஜாங்கம் முன்னதாகவே வந்துவிட்டார். டாக்டர் ராமசாமி வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தார். ஜீப் நிற்பதற்குள் படியிறங்கினார்.

"மதராஸுக்குச் சொல்லியாச்சு. அவர்கிட்டயும் சொல்லியாச்சு. ரொம்ப ஆர்வமா இருக்கார். நீ உள்ள வந்து ஆமான்னு—"

தமயந்தி மடித்துக் கொண்டுவந்திருந்த காகிதத்தைப் பிரித்து, புனலில் எடுத்த வேப்பிலையைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேற்கே மறுபடியும் மேகம் எழும்பிக்கொண்டிருந்தது; அதற்கு இப்பால் மின்நிலையத்தின் ஆவி வெள்ளையாக, யாருக்கும் உதவாத இன்னொரு மேகமாக, எப்போதும்போல் நின்றது.

"புழுதியில குழி இருந்துச்சுன்னியே" என்றார் கொஞ்சம் கழித்து.

"இருந்துச்சு சார்."

"அப்ப பெய்ஞ்சிருக்கு."

"பெய்ஞ்சிருக்கு சார்."

"சொம்பு ஐம்பத்தேழு. அப்ப குறைஞ்சது நாலு. அறுபத்தொண்ணை அடிச்சுட்டு நாலுன்னு போடு. காரணத்தையும் அடியில எழுது. இதுல என்ன பொய் இருக்கு?"

"தெளிச்சிருக்காங்க சார், எல்லாரும்."

"வேப்பிலையால தெளிச்சா ஒரு மில்லிமீட்டர் வருமா? ஒண்ணு போச்சுன்னே வச்சுக்கோ. மூணு. மூணுன்னு போடு! மத்த பதினொண்ணும் சைபர். அந்த மூணு போதும் தமயந்தி." அவர் குரல் உயர்ந்தது, உள்ளே கேட்டுவிடுமோ என்று தாழ்ந்தது. "எட்டு வருஷம் பைல் தூக்கிக்கிட்டு அலைஞ்சு வாங்கின திட்டம். ஒரு சொம்புத் தண்ணியாலயா முடியணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. மூன்று என்று எழுதினால் உண்மைக்கு அருகில்தான் இருக்கும். எழுதாமல் விட்டால் பெய்த மழை பெய்யாததாகிவிடும். நாளைக்கு விமானம் தூவாத பக்கத்தில் ஒரு மழைமானியில் மஞ்சள் தண்ணீர் இருந்தால், அதையும் இப்படித் தேடிப்போய், சொம்பு கேட்டு, குழி பார்த்து, மூன்றைக் காப்பாற்றுவார்களா? மாட்டார்கள். ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். அவள் இன்று கம்மாபுரத்துக்கு ஓடியதே எண் பெரியதாக இருந்ததால்தான். சின்ன எண்ணாக இருந்திருந்தால் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். காசு சுண்டுவது எதற்காகவோ, முன்கூட்டியே விதி எழுதி வைப்பதும் அதற்காகத்தான்.

"சார், ஜூன்ல விதிமுறை எழுதினோமே. மழைமானியை யாராவது தொட்டது தெரிஞ்சா அன்னைக்கு அந்த அளவு கிடையாது. எவ்வளவா இருந்தாலும் கிடையாதுன்னு."

"யாரு எழுதினது அதை?"

"நீங்கதான் சார்."

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"உன் வேலையும் போகும்."

"தெரியும் சார்."

உள்ளிருந்து ராஜாங்கத்தின் குரல் வந்தது: "என்ன டாக்டர், உங்க அறுபத்தொண்ணு வந்தாச்சா?"

ராஜாங்கம் வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை. டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். தட்டச்சுப் பக்கம் அவர் முன்னால் இருந்தது; ஒன்பதாம் தேதிக்கான வரி வெறுமையாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"உட்காரும்மா. நேர்ல போனியாமே. சொல்லு, அறுபத்தொண்ணு போடலாமா?"

தமயந்தி உட்காரவில்லை. டாக்டர் ராமசாமி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தாள்.

"போடக் கூடாது சார். மழைக்கஞ்சி எடுத்தவங்க மழைமானியில தண்ணி ஊத்தியிருக்காங்க."

சாஸர் மேஜைக்கு இறங்கியது. "ஏமாத்தவா?"

"இல்ல சார். நாம உப்புத் தூவினதுக்குப் பரிகாரமா."

ராஜாங்கம் டாக்டரின் முதுகைப் பார்த்தார். "மதராஸ்ல இப்ப எல்லாரும் அறுபத்தொண்ணுன்னு பேசிக்கிட்டிருப்பாங்க. தெரியுமில்லையா டாக்டர்?"

"தெரியும்."

"ஊத்தினது யாரு? பேர் இருக்கா? அரசாங்கக் கருவி. புகார் குடுக்கணும் இல்லையா?"

"பேர் கணக்குக்குத் தேவையில்ல சார்" என்றாள் தமயந்தி. "வேலிக்குப் பூட்டு கேட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க. நாம குடுக்கல. புகார் குடுத்தா அதையும் எழுத வேண்டியிருக்கும்."

ராஜாங்கம் சாஸரை ஓரமாக நகர்த்தினார். கோபமா என்று சொல்ல முடியாத முகம்.

"ஒண்ணு கேக்கறேன். நேத்து அங்க மழை பெஞ்சுதுன்னு நீ நினைக்கிறியா?"

"பெஞ்சுதுன்னு நினைக்கிறேன் சார். தரையில பாத்தேன்."

"உப்பாலயா?"

"அவங்க தண்ணி ஊத்தினதாலன்னு சொல்றாங்க. நாம உப்பாலன்னு சொல்வோம். இந்த ஒரு நாளை வச்சு ரெண்டையும் மறுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அளவு?"

"தெரியாது சார்."

"தோராயமா?"

ஜன்னலோரம் நின்றவரின் தோள்கள் அசையவில்லை. நாக்கு நுனியில் நாலு இருந்தது. மூன்று இருந்தது.

"தெரியாது சார். கோடு போடணும்."

"கோடு போட்டா அந்த நாளே போச்சு. மிச்சம் இருக்கறதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"விதி அப்படித்தான் இருக்கு சார்."

"யார் எழுதின விதி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. டாக்டர் ராமசாமி திரும்பவில்லை.

"நான்தான் எழுதினேன். கோடே போடுங்க."

ராஜாங்கம் பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மதராஸில் காசு சுண்டியிருந்தார்கள். பூ. விமானம் காடாம்புலியூர் பக்கம் போயிற்று. மறுநாள் காலை பன்னிரண்டு மழைமானிகளிலும் சைபர்.

அந்த வாரக் கடைசியில் கம்மாபுரம் வேலிக் கதவுக்குப் பூட்டு வந்தது. புகார் எதுவும் கொடுக்கப்படவில்லை. உப்புத் தூவிய பக்கத்துக்கும் தூவாத பக்கத்துக்கும் இடையே நம்பத்தகுந்த வேறுபாடு காணப்படவில்லை என்று செப்டம்பர் இறுதியில் அனுப்பிய அறிக்கை முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. டாக்டர் ராமசாமி மதராஸுக்குத் திரும்பினார். தமயந்தியின் பணிக்காலம் செப்டம்பர் 30இல் முடிந்தது. அன்றே மழைமானிகளைக் கழற்றினார்கள். கம்மாபுரத்தில் இருந்ததைக் கழற்றி ஜீப்பில் ஏற்றியவர் கொளஞ்சியப்பன்.